வெட்டவில்லை, சிக்குகிறது, உதைக்கிறது: ஆங்கிள் கிரைண்டர் கோளாறுகளை அறிகுறி பார்த்துத் தீர்ப்பது

ஆங்கிள் கிரைண்டரில் மாட்டிய கட்டிங் வீல் வெட்ட மறுக்கும்போது எல்லார் கையும் தானாகச் செய்வது ஒன்றுதான்: இன்னும் கொஞ்சம் அழுத்தும். வீல் உடைவது, மெஷின் துள்ளுவது, மோட்டார் புகைவது என்று கீழே வரப்போகிற பிரச்சினைகளில் பாதிக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. அதற்காக அழுத்தவே கூடாது என்றும் இல்லை, பூப்போல வைத்துக்கொண்டிருந்தாலும் வீல் மழுங்கும். முதலில் கவனிக்க வேண்டியது, வீலின் ஓரம் ஒரே நேரத்தில் எவ்வளவு நீளத்துக்குப் பொருளைத் தொடுகிறது என்பதை. அந்த நீளம் குறைந்தால் லேசான அழுத்தமே போதும், கூடினால் எவ்வளவு அழுத்தினாலும் போதாது.

பின்னால் வரும் மோட்டார் சூடு ஒன்றைத் தவிர, எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் படி மாறாது. சுவிட்சை அணைத்துவிட்டு வீல் முழுதாக நிற்கும்வரை மெஷினைக் கையிலேயே பிடித்திருங்கள், அப்புறம் பிளக்கைப் பிடுங்குங்கள், பேட்டரி மெஷின் என்றால் பேட்டரியைக் கழற்றுங்கள். பிரேக் இல்லாத மெஷினில் சுவிட்சை விட்ட பிறகும் வீல் பல வினாடி சுற்றும், அந்த நேரத்தில் தரையில் வைத்தால் தானாக நகர்ந்து போய் சொந்த வயரையே வெட்டிக்கொள்ளும். வீலைத் தொட்டுப் பார்ப்பது, நட்டைத் தளர்த்துவது எல்லாம் பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான்.

பாதுகாப்புச் சாமான்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பக்கமும் மூடிய கண்ணாடி, அதற்கு மேல் முகம் முழுக்க மறைக்கும் ஷீல்டு, காதடைப்பான், தோல் கையுறை, கனமான ஷூ. நூல் பின்னிய கையுறை வேண்டாம், ஒரு நூல் வீலில் மாட்டினால் விரலும் சேர்ந்து போகும். பக்கவாட்டுக் கைப்பிடியை மாட்டி இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். வீலை மறைக்கும் உறையான கார்டைக் கழற்றிய மெஷினுக்கு இங்கே எந்தத் தீர்வும் இல்லை, அதை முதலில் மாட்டிவிட்டு வாருங்கள்.

அறிகுறி: தீப்பொறி குறைகிறது, புகை வருகிறது, வீல் வெட்டாமல் தேய்க்கிறது

மெஷினை நிறுத்தி வீலின் ஓரத்தைப் பாருங்கள். சொரசொரப்பாக இருக்க வேண்டிய இடம் கண்ணாடி மாதிரி பளபளத்தால் வீல் மழுங்கிவிட்டது என்று அர்த்தம். கட்டிங் வீல் என்பது கடினமான மணல் போன்ற துகள்களை ரெசினில் (பசைபோல் இறுகும் பிசின்) பிணைத்து, நடுவில் நார் வலை வைத்து அழுத்திச் செய்தது. ஒரு துகள் முனை மழுங்கியதும் அது கழன்று விழ வேண்டும், அதற்குப் பின்னால் இருக்கும் புதுத் துகள் வெளியே வர வேண்டும், இப்படித் தன்னைத் தானே தேய்த்துக்கொண்டுதான் வீல் கூர்மையாக இருக்கிறது. மழுங்கிய துகள் விழாமல் ஒட்டிக்கொண்டே இருந்தால் வெட்டு நின்றுபோய் உராய்வுச் சூடு மட்டும் மிஞ்சும். அதில் ரெசின் கருகுகிற வாசனைதான் அந்தப் புகை.

துகள் ஏன் விழவில்லை? முதல் சந்தேகம், பொருளுக்குப் பொருந்தாத வீல். லேபிளில் ஏ என்று தொடங்கும் குறி அலுமினியம் ஆக்சைடு, அது இரும்புக்கு. சி என்றால் சிலிக்கான் கார்பைடு, அது கல்லுக்கும் கான்கிரீட்டுக்கும். சிர்கோனியா கலந்தவை கடினமான ஸ்டீலுக்கும் ஸ்டெயின்லெஸ்ஸுக்கும் நன்றாக வரும். துகளின் அளவைச் சொல்லும் எண்ணை அடுத்து ஒரு எழுத்து வரும், அது பிணைப்பு எவ்வளவு இறுக்கம் என்பதைச் சொல்கிறது. ஆங்கில அகரவரிசையில் பின்னால் போகப்போக இறுக்கம் கூடும். பொருள் கடினமாக இருந்தால் பிணைப்பு இளகலாக இருக்க வேண்டும், மழுங்கிய துகளை அது சீக்கிரம் விட்டுவிடும். கடினமான ஸ்டீலுக்கு நீண்ட நாள் உழைக்கிற இறுகிய வீலை வாங்கி மாட்டினால் அது உண்மையிலேயே நீண்ட நாள் உழைக்கும், ஏனென்றால் வெட்டவே வெட்டாது.

வீல் சரிதான் என்றால் அடுத்த சந்தேகம் நான் மேலே சொன்ன நீளம். 50 மிமீ அகலப் பட்டையைப் படுக்க வைத்து, வீலை மேலிருந்து அந்த அகலம் முழுக்க இறக்கினால் நீங்கள் கொடுக்கும் அழுத்தம் அத்தனை நீளத்துக்கும் பங்கு போய்விடும், ஒவ்வொரு துகளுக்கும் கிடைப்பது சொற்பம், அது கடிக்காமல் வழுக்கும். அதே பட்டையை நிமிர்த்தி நிற்க வைத்து மெல்லிய விளிம்பில் தொடங்குங்கள், அதே கை அழுத்தத்தில் வெண்ணெயாக வெட்டும். எல் வடிவ ஆங்கிள் இரும்பை ஒரு கால் முடித்து அடுத்த கால் என்று வெட்டுங்கள், இரண்டையும் ஒன்றாகத் தொடாதீர்கள். பைப்பைச் சுவரின் கனம் மட்டும் வெட்டும் ஆழத்துக்கு வைத்து, திருப்பித் திருப்பிச் சுற்றி வாருங்கள். திடமான தண்டு அல்லது கனத்த கட்டை என்றால் வேறு வழியில்லை, வீலை வெட்டுக் கோட்டிலேயே முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டிக்கொண்டே இறங்க வேண்டும். ஆட்டம் கோட்டின் நீளவாக்கில் மட்டும் இருக்கட்டும், பக்கவாட்டில் துளிகூடக் கூடாது.

வீல் ஓரம் பளபளக்காமல், வெள்ளையாகப் பூசினாற்போல் இருக்கிறதா? அப்படியானால் நீங்கள் வெட்டியது அலுமினியம். அது உருகித் துகள்களுக்கு இடையில் அப்பிக்கொள்கிறது. அலுமினியத்துக்கென்று இருக்கும் வீலை எடுங்கள். அலுமினியத் தூளையும் இரும்புத் தூளையும் ஒரே இடத்தில் குவிய விடாதீர்கள், துருவும் அலுமினியத் தூளும் சேர்ந்த குவியலில் ஒரு பொறி விழுந்தால் அணைக்கவே முடியாத சூட்டில் எரியும்.

பேரிங் வளையம், லாரிப் பட்டை ஸ்பிரிங், பழைய அரம் மாதிரி சூடேற்றிக் கடினமாக்கிய ஸ்டீலில் ஹேக்ஸா பிளேடு வழுக்கும், ஆனால் சரியான வீல் வழுக்காது. அலுமினியம் ஆக்சைடு எந்த ஸ்டீலையும் விடக் கடினமானது, ஆகவே 1 மிமீ கனமுள்ள மெல்லிய வீலில் பொறுமையாகப் போனால் போதும். இழுவிசையில் இருக்கும் ஸ்பிரிங்கை மட்டும் அப்படியே வெட்டப் போகாதீர்கள், முதலில் தளர்த்துங்கள்.

டைமண்ட் பிளேடு மழுங்கினால்?

கல், டைல், கான்கிரீட் வெட்டும் டைமண்ட் பிளேடிலும் தர்க்கம் அதேதான், மருந்து வேறு. வைரத் துகளை உலோகப் பிணைப்பு பிடித்திருக்கிறது, பொருளின் தூள் அந்த உலோகத்தைத் தேய்த்தால்தான் புது வைரம் வெளியே தெரியும். கிரானைட், நன்றாகச் சுட்ட போர்சலைன் டைல் இவற்றின் தூள் பிணைப்பை அதிகம் தேய்க்காது, எனவே அவற்றுக்கு இளகிய பிணைப்புள்ள பிளேடு. மணற்கல், புதுக் கான்கிரீட் மாதிரி சொரசொரப்பானவை பிணைப்பை வேகமாகத் தேய்க்கும், அவற்றுக்கு இறுகிய பிணைப்பு. மழுங்கிய பிளேடைத் தூக்கி எறிய வேண்டாம். மென்மையான செங்கல்லிலோ மணற்கல்லிலோ ஆழமில்லாமல் சில வெட்டு போட்டால் ஓரம் திறந்துகொள்ளும். பிளேடில் உள்ள அம்புக்குறியும் மெஷின் சுற்றும் திசையும் ஒன்றா என்றும் பாருங்கள், தலைகீழாக மாட்டி ஓட்டியிருந்தால் ஒவ்வொரு வைரத்துக்கும் பின்னால் இருந்த முட்டுக் காணாமல் போயிருக்கும்.

சாதாரண டைமண்ட் பிளேடால் இரும்பை வெட்டக் கூடாது. வைரம் என்பது கார்பன், சூட்டில் இரும்பு அதைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும். கான்கிரீட்டுக்குள் எதிர்பாராமல் வரும் ஒரு கம்பியைத் தாண்டிப் போகலாம், கம்பி வெட்டுவதையே தொழிலாக வைத்தால் பிளேடு போய்விடும். இரும்புக்கென்றே வைரத் துகளை மேலே பற்றவைத்துச் செய்த தனி பிளேடுகள் உண்டு, அவை வேறு.

அறிகுறி: வீல் சிக்குகிறது, மெஷின் துள்ளுகிறது

இருப்பதிலேயே ஆபத்தானது இதுதான். வீல் வெட்டுக்குள் இறுக்கப்பட்டதும் சுழற்சி ஒரு கணத்தில் நிற்கிறது, அந்தச் சக்தி முழுக்க மெஷினை எதிர்த்திசையில் தூக்கி எறிகிறது. சமாளித்துப் பிடித்துவிடலாம் என்று யாரும் நம்ப வேண்டாம், கை அதை உணர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். துள்ளுவதற்கு முன் பெரும்பாலும் ஒரு எச்சரிக்கை வரும்: சத்தத்தின் சுருதி இறங்கும், கைப்பிடி லேசாக இழுக்கும். அங்கேயே சுவிட்சை விடுங்கள். வீல் சுற்றிக்கொண்டிருக்கும்போதே வெட்டிலிருந்து பிடுங்கி எடுக்கப் பார்த்தால் அந்தப் பிடுங்கலே துள்ளலைக் கொண்டுவரும், ஆகவே அசையாமல் பிடித்து நிற்க விடுங்கள்.

காரணம் பெரும்பாலும் தாங்கலில் இருக்கிறது. ஒரு கம்பியை இரண்டு முனையிலும் முட்டுக் கொடுத்து நடுவில் வெட்டினால் வெட்டு ஆழமாக ஆழமாக நடுப்பகுதி தொய்ந்து, வெட்டின் மேல்வாய் மூடி வீலைக் கவ்வும். அதையே ஒரு பக்கம் வைஸில் (திருகி இறுக்கும் பிடிப்பான்) இறுக்கி, வெட்டி விழ வேண்டிய பக்கத்தை வெளியே தொங்க விட்டு, தாடைக்குப் பக்கத்திலேயே வெட்டினால் எடை வாயைத் திறந்துகொண்டே போகும். தொங்கும் துண்டு நீளமாக இருந்தால் கடைசியில் ஒடிந்து வீலை முறுக்கும், அதற்கு லேசாக ஒரு தாங்கல் கொடுங்கள், ஆனால் மேலே தூக்கும் அளவுக்கு வேண்டாம். பெரிய தகடு என்றால் கோட்டுக்கு இருபுறமும் கோட்டை ஒட்டியே முட்டு வேண்டும், ஓரத்தில் மட்டும் வைத்தால் நடுவில் தொய்யும். காலால் மிதித்துப் பிடிப்பதும், ஒரு கையில் துண்டு மறு கையில் மெஷின் என்று வெட்டுவதும் எவ்வளவு சின்ன வேலையானாலும் வேண்டாம்.

தாங்கல் சரியாக இருந்தும் சிக்கினால் கை முறுக்குகிறதா என்று பாருங்கள். நேராக இறங்கிய வீலைப் பாதியில் கோடு தவறிவிட்டதே என்று திருப்பினால் அது வெட்டின் சுவரில் உரசும். கோடு தவறினால் வெளியே எடுத்து மறுபடி தொடங்குவதுதான் வழி. வளைவாக வெட்ட வேண்டுமென்றால் சின்னச் சின்ன நேர்வெட்டுகளாகப் போட்டு, மீதியைத் தேய்த்துச் சரிசெய்யலாம்.

அடுத்தது திசை. மெஷின் தானாக முன்னால் ஓடப் பார்க்கிறது, நீங்கள் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது என்றால் வெட்டும் திசை தலைகீழ். நீங்கள் நகர்த்தும் திசைக்கு எதிராக மெஷின் லேசாகத் தள்ள வேண்டும், அதைத் தாண்டி நீங்கள் செலுத்த வேண்டும், அப்போதுதான் வேகம் உங்கள் கையில் இருக்கும்.

சிக்கிய வெட்டில் மறுபடி தொடங்கும்போது வீலை உள்ளே வைத்தபடி சுவிட்ச் போடாதீர்கள். வெளியே எடுத்து, முழு வேகம் வந்த பிறகு, மெதுவாக உள்ளே விடுங்கள். ஒருமுறை கடுமையாகச் சிக்கிய வீலைக் கழற்றிப் பார்த்து, ஓரத்தில் சிறு பிளவு இருந்தாலும் உடைத்துக் குப்பையில் போடுங்கள், உடைக்காமல் போட்டால் வேறொருவர் எடுத்து மாட்டிவிடுவார். எப்போதும் நிற்கும் இடத்தையும் கவனியுங்கள்: வீலின் தளத்தை ஒரு கோடாக நீட்டினால் அந்தக் கோட்டில் உங்கள் முகமும் கழுத்தும் தொடையும் இருக்கக் கூடாது, உதவிக்கு நிற்பவருடையதும்தான்.

அறிகுறி: வீல் விரிசல் விடுகிறது, துண்டு தெறிக்கிறது

ரெசின் வீல்களுக்குப் பொதுவான வேக உச்சம் ஓரத்தில் வினாடிக்கு 80 மீட்டர், அதாவது மணிக்கு 288 கிலோமீட்டர். 125 மிமீ வீலுக்கு இது ஏறத்தாழ 12,200 ஆர்.பி.எம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று), 180 மிமீக்கு 8,500, 230 மிமீக்கு சுமார் 6,600. சின்ன மெஷின்கள் வழக்கமாக 11,000 சுற்றுப் பக்கம் ஓடும், பெரிய 9 இன்ச் (230 மிமீ) மெஷின் 6,500 பக்கம். இப்போது ஒருவர் கார்டைக் கழற்றிவிட்டு, ஆழம் அதிகம் கிடைக்குமே என்று சின்ன மெஷினில் 230 மிமீ வீலை மாட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓர வேகம் வினாடிக்கு 132 மீட்டர் ஆகிறது. வீலைக் கிழிக்கும் விசை வேகத்தின் வர்க்கத்தில் கூடும் என்பதால் அது அனுமதித்த அளவைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். தேய்ந்து சிறிதான பெரிய வீலைச் சின்ன மெஷினில் மாட்டுவதும் இதே குடும்பம்தான், அந்த வீல் அந்த வேகத்துக்குச் சோதிக்கப்பட்டதே இல்லை. வீலில் அச்சிட்ட ஆர்.பி.எம் மெஷினின் விவரத் தட்டில் உள்ளதைவிடக் கூடுதலாக அல்லது சமமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் விதி.

அடுத்து நடுவில் உள்ள உலோக வளையத்தைப் பாருங்கள். பல வீல்களில் அதில் மாதமும் ஆண்டும் அடித்திருக்கும், அது காலாவதி தேதி. ரெசின் ஈரத்தை உறிஞ்சி வலுவிழக்கும், அதனால்தான் தயாரித்த நாளிலிருந்து 3 ஆண்டு என்று வைத்திருக்கிறார்கள். ஈரத்தரையில் கிடந்த வீல், தண்ணீரில் நனைந்த வீல், தேதி எப்படியிருந்தாலும் கழிவுதான். தட்டையாக, உலர்ந்த இடத்தில் அடுக்கி வையுங்கள், மேலே கனமான சாமான் வேண்டாம்.

தட்டிப் பார்த்து மணி போல் ஒலித்தால் நல்ல வீல் என்று சொல்வது பெஞ்ச் கிரைண்டரின் கல்லுக்குப் பொருந்தும். நார் வைத்த மெல்லிய ரெசின் வீலில் அந்தச் சத்தத்தை நம்ப முடியாது, கண்ணால் பாருங்கள், விரலால் ஓரத்தைச் சுற்றித் தடவிப் பாருங்கள். புது வீலை மாட்டியதும் யாரும் இல்லாத பக்கம் திருப்பி, ஒரு நிமிடம் சும்மா ஓட விட்டுப் பிறகு வேலைக்கு எடுங்கள்.

கட்டிங் வீலின் பக்கத்தால் பிசிறு தேய்ப்பதும் உடைவதற்கு ஒரு பெரிய காரணம். 1 மிமீ கனத்தில் பக்கவாட்டு அழுத்தத்தைத் தாங்க அதில் ஒன்றுமே இல்லை. தேய்க்க 6 மிமீ கிரைண்டிங் வீலோ உப்புத்தாள் மடிப்புகள் அடுக்கிய ஃபிளாப் டிஸ்கோ மாட்டுங்கள், மாற்ற இரண்டு நிமிடம்கூட ஆகாது. பல் வைத்த மர ரம்பப் பிளேடை இந்த மெஷினில் மாட்டுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம், மாட்டாதீர்கள்.

அறிகுறி: கை முழுக்க அதிர்கிறது

வீலைக் கழற்றிவிட்டு வெறும் மெஷினை ஓட்டிப் பாருங்கள். அதிர்வு போய்விட்டால் குற்றம் வீலிலோ மாட்டிய விதத்திலோ இருக்கிறது. துளை அளவு பாருங்கள்: 115 மிமீ முதல் 230 மிமீ வரை வீல்களில் 22.23 மிமீ துளை வழக்கம், 100 மிமீ வீல்களில் 16 மிமீ அதிகம் பார்க்கலாம். பெரிய துளை வீலைச் சின்ன பிளாஞ்சில் (வீல் உட்காரும் உலோக வளையம்) கண் மதிப்பில் நடுவில் வைத்து இறுக்கினால் அது ஒருபோதும் நடுவில் இருக்காது. பிளாஞ்ச் முகத்தில் ஒட்டிய தூளையும் பிசிறையும் துடையுங்கள். நட்டில் ஒரு பக்கம் மேடாக, மறுபக்கம் தட்டையாக இருந்தால் பொதுவாகக் கனத்த கிரைண்டிங் வீலுக்கு மேடு வீலைப் பார்த்தும், மெல்லிய கட்டிங் வீலுக்குத் தட்டைப் பக்கம் வீலைப் பார்த்தும் வர வேண்டும். மெல்லிய வீலுக்குத் தப்பாகத் திருப்பிப் போட்டால் இறுகியது போலத் தோன்றும், ஆனால் வீல் உள்ளே ஆடும்.

வெறும் மெஷினே அதிர்ந்தால் பேரிங் போயிருக்கலாம், அல்லது கீழே விழுந்ததில் தண்டு வளைந்திருக்கலாம். தண்டைக் கையால் ஆட்டிப் பார்த்தால் தெரியும். இதை வைத்துக்கொண்டு நாள் முழுக்க வேலை பார்த்தால் விரல்கள் மரத்து, குளிரில் வெளுத்துப்போகும் நோய் வரும், அது வந்தபின் முழுதாகத் திரும்புவதில்லை.

அறிகுறி: வெட்டின் ஓரம் நீலமாகிறது

ஸ்டீல் ஏறத்தாழ 300 டிகிரியைத் தொட்டால் அந்த நீலம் வரும். கட்டுமான இரும்புக்கு அது கவலையில்லை. கடினப்படுத்திய கருவி என்றால் அந்த இடத்தில் கடினம் இறங்கிவிட்டது, ஸ்டெயின்லெஸ் என்றால் அங்கே துரு பிடிக்கும் வாய்ப்பு வந்துவிட்டது. மெல்லிய வீல், குறைந்த தொடும் நீளம், இடையிடையே நிறுத்தி ஆற விடுவது, இவைதான் மருந்து. ஸ்டெயின்லெஸ்ஸுக்கு ஐனாக்ஸ் (INOX) என்று குறித்த வீலையே எடுங்கள், அதில் இரும்பு, கந்தகம், குளோரின் மிகக் குறைவாக இருக்கும்படி செய்திருப்பார்கள். சாதா இரும்பை வெட்டிய அதே வீலை இதற்கும் எடுத்தால் மிச்சமிருந்த இரும்புத் துகள் பதிந்து, கொஞ்ச நாளில் பழுப்புப் புள்ளிகள் வரும், பிறகு ஸ்டெயின்லெஸ்ஸே மட்டம் என்று திட்டுவோம்.

அறிகுறி: டைல், கல் ஓரம் சில்லுச் சில்லாகப் பெயர்கிறது

பல்பல்லாக இடைவெளி விட்ட பிளேடு கான்கிரீட்டுக்கு, விளிம்பு தொடர்ச்சியாக இருப்பது டைலுக்கு. கோட்டின் மேல் டேப் ஒட்டி, மெருகுப் பக்கத்தில் முதலில் 1 மிமீ, 2 மிமீ ஆழத்துக்கு ஒரு கீறல் வெட்டு போட்டுவிட்டு, அதே தடத்தில் இரண்டு மூன்று முறையாக ஆழப்படுத்துங்கள். அடியில் முழுப் பரப்பும் தட்டையாகத் தாங்கியிருக்க வேண்டும். கடைசி ஓரம் தெறிப்பது வழக்கம், முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தி எதிர்ப்பக்கத்திலிருந்து வந்து சேருங்கள்.

அறிகுறி: வெள்ளைத் தூசி மண்டலம், எதிரே இருப்பது தெரியவில்லை

கண்ணுக்குத் தெரிகிற தூசியைவிடத் தெரியாததுதான் மோசம். கல், கான்கிரீட், டைல், செங்கல் எல்லாவற்றிலும் படிக சிலிக்கா இருக்கிறது, அதன் மிக நுண்ணிய பகுதி நுரையீரலின் ஆழம் வரை போய்த் தங்கி சிலிகோசிஸ் நோயைத் தரும். 1997இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்ற பட்டியலில் வைத்தது. சமையலறை மேடைக்குப் போடும் செயற்கை குவார்ட்ஸ் பலகையில் சிலிக்கா 90 சதவீதத்தைக்கூடத் தாண்டும், ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அதைத் தடையே செய்துவிட்டது.

வாயில் துணி கட்டுவது எதற்கும் உதவாது. கார்டோடு சேரும் தூசி உறையும் நல்ல வடிகட்டியுள்ள வேக்குவமும் முதல் வழி, தண்ணீர் விட்டு வெட்டுவது இரண்டாவது, இவற்றோடு கூடவே முகத்தில் இடைவெளியில்லாமல் பொருந்தும் என்95 அல்லது அதைவிட மேலான முகமூடி. தாடி இருந்தால் அது பொருந்தாது. தண்ணீர் என்றதும் சாதாரண மின்சார மெஷின் மேல் குழாயைத் திருப்பிவிடாதீர்கள், ஈர வேலைக்கென்று செய்த மெஷினும் 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் கசிவுப் பாதுகாப்பும் இரண்டும் வேண்டும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகட்டை இந்த மெஷினால் வெட்டவே வேண்டாம். துத்தநாகம் பூசிய ஜி.ஐ பைப்பை மூடிய அறையில் சூடேற வெட்டினால் அன்று ராத்திரி குளிர்க்காய்ச்சல் மாதிரி வரலாம், காற்றோட்டமான இடத்தில் வெட்டுங்கள்.

அறிகுறி: கண்ணில் ஏதோ உறுத்துகிறது

தேய்க்காதீர்கள். சுத்தமான தண்ணீரால் கழுவிப் பாருங்கள், உறுத்தல் போகவில்லை என்றால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். இரும்புத் துகள் கருவிழியில் தங்கினால் சீக்கிரமே சுற்றிலும் துரு வளையம் கட்டும், அப்புறம் எடுப்பது பெரிய வேலை. ஊக்காலோ தீக்குச்சியாலோ நண்பர் எடுத்துவிடுகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வேகமாக வந்து குத்தி உள்ளே போயிருக்கலாம் என்று தோன்றினால் கழுவவும் வேண்டாம், அழுத்தாமல் மூடிக்கொண்டு நேராக மருத்துவமனைக்கு. பின்னால் என்றைக்காவது எம்.ஆர்.ஐ எடுக்க நேர்ந்தால் இதை மறக்காமல் சொல்ல வேண்டும், கண்ணுக்குள் மிச்சமிருக்கும் இரும்பு அந்தக் காந்தத்தில் நகரும்.

அறிகுறி: மெஷின் சுடுகிறது, பின்பக்கத் துவாரத்தில் பொறி, வேகம் இறங்குகிறது

முன்னால் கியர் தலை சூடாவது சகஜம். பின்னால் மோட்டார் பகுதி கை வைக்க முடியாமல் சுட்டால் வேலையை நிறுத்தி, எதையும் வெட்டாமல் ஒன்றிரண்டு நிமிடம் ஓட விடுங்கள். சுவிட்சை அணைத்தால் விசிறியும் நின்று சூடு உள்ளேயே தங்கும், சும்மா ஓடும்போதுதான் நன்றாக ஆறும். புகையோ கருகிய வாசனையோ வந்துவிட்டால் இந்த வைத்தியம் இல்லை, உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். எக்ஸ்டென்ஷன் வயர் மெல்லியதாக, நீளமாக, சுருளிலேயே கிடந்தால் மின்னழுத்தம் இறங்கி மோட்டார் திணறும், சுருளும் சூடாகும், முழுதாக விரித்துவிடுங்கள்.

துவாரம் வழியே சிறு நீலப் பொறி தெரிவது இயல்பு. ஆரஞ்சு நிறத்தில் வளையமாகச் சுற்றினால் மோட்டாரின் சுழலும் பாகத்துக்கு மின்சாரம் தரும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும் அல்லது அந்தச் சுழலும் பாகமான ஆர்மேச்சரில் கோளாறு. பிரஷ்களை ஜோடியாகவே மாற்றுங்கள், மாற்றியதும் சில நிமிடம் சும்மா ஓட்டிப் பழக்குங்கள். அப்போதும் வளையம் போகவில்லை என்றால் ஆர்மேச்சர்தான், அது மெக்கானிக் வேலை. இரும்புத் தூள் துவாரத்துக்குள் படிந்து உடலுக்கு மின்சாரம் கசிவதும் உண்டு, லேசாக ஷாக் அடித்தால்கூட அந்த மெஷினை ஒதுக்கி வையுங்கள்.

கரண்ட் போய் வந்ததும் மெஷின் தானாக ஓடத் தொடங்குகிறதா? சுவிட்ச் பூட்டிய நிலையிலேயே இருந்திருக்கிறது. கரண்ட் போன உடனே சுவிட்சை விடுவிப்பதைப் பழக்கமாக்குங்கள். புதிதாக வாங்குவதானால் விட்டதும் நிற்கும் சுவிட்சும் தானாகத் தொடங்காத பாதுகாப்பும் உள்ளதைப் பாருங்கள்.

அறிகுறி: நட் கழறவே இல்லை

சிக்கித் துள்ளிய பிறகு இது அடிக்கடி வரும், துள்ளலே நட்டை இறுக்கிவிடுகிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு தண்டு சுற்றாமல் பூட்டும் லாக் பட்டனை அழுத்தி ஸ்பானரைப் போடுங்கள். சுத்தியலால் ஸ்பானரைத் தட்டித் தட்டித் திருப்பினால் லாக் ஊசி ஒடிந்துவிடும், அதற்குப் பதில் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு இடுக்கியால் வீலைத் துண்டு துண்டாக உடைத்து எடுங்கள். நட்டுக்கும் பிளாஞ்சுக்கும் நடுவில் இருந்த வீல் போனதும் இறுக்கம் தானாக விடும். ஓடும்போது லாக் பட்டனைத் தொடுவதும் அந்த ஊசியைத்தான் உடைக்கும்.

அறிகுறி: வேலை முடிந்து வெகுநேரம் கழித்து எரிகிற வாசனை

பொறி 10 மீட்டர் வரைகூடப் போகும், பலகை இடுக்கு, சாக்கு, மரத்தூள், எண்ணெய்த் துணி எதிலாவது புகுந்து சத்தமில்லாமல் கனிந்துகொண்டிருக்கும். அந்தச் சுற்றளவில் எரியக்கூடியதை முன்பே அப்புறப்படுத்துங்கள், முடியாததை நெருப்புத் தாங்கும் போர்வையால் மூடுங்கள், அணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வெட்டி முடித்ததும் கிளம்பாமல் குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம், பொறி போன திசையெல்லாம் சுற்றிப் பாருங்கள், சுவருக்கு மறுபுறமும் சேர்த்து. பெட்ரோலோ தின்னரோ ஒருகாலத்தில் இருந்த டிரம் என்றால் காலியாக இருக்கிறது, மூடி திறந்திருக்கிறது என்பதெல்லாம் கணக்கில் வராது, உள்ளே மிஞ்சிய ஆவி வெடிக்க முதல் பொறியே போதும். அதை வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் முறைப்படி சுத்தம் செய்து சோதித்துத் தருகிறவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.